ஒரு படி இறக்கி

மத்தியானம் ஒரு மணி ஆனால் பல் லேபில் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். அரட்டை ஆரம்பமாகும். யார் வீட்டில் யாருக்குச் சண்டை, யாருக்குக் கல்யாணம் தட்டிப்போனது என்று ஒரு சுற்று வருவதற்குள் மணி ஒன்றே முக்கால் ஆகிவிடும். கடைவாய் அக்கா மட்டும் பத்தே நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து, பின்னறையில் இருக்கிற தன் மேசைக்குப் போய் விளக்கைப் போடுவாள். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைப்பாள். யாருக்கும் வேண்டாத ஒரு முன்பல்லைச் செய்ய ஆரம்பிப்பாள்.

நாலு வருஷமாக இதுதான் நடக்கிறது. முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு கேலி செய்தார்கள், அப்புறம் அதுவும் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பல் உடைந்து வருகிறவருக்கு டாக்டர் மிச்சப் பல்லை ராவிவிட்டு, வாயை அச்செடுத்து, பக்கத்துப் பல் என்ன நிறம் என்று ஒரு சீட்டில் நம்பர் போட்டு அனுப்புவார். அந்த அச்சையும் சீட்டையும் வைத்துக்கொண்டு, பீங்கான் மாவைக் குழைத்து அடுக்கடுக்காகப் பூசி, சூட்டடுப்பில் சுட்டு, நிஜப் பல் போலவே ஓர் உறை செய்து தருவது லேபின் வேலை. கேப் என்பார்கள். அங்கே இரண்டு மேசைகள். பின்னறையில் டியூப் லைட்டுக்குக் கீழே இருப்பது கடைவாய் மேசை. கடைவாய்ப் பல்லை யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? கடித்தால் வலிக்காமல் இருந்தால் போதும், நிறம் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் ஒருவரும் வாயைத் திறந்து சண்டைக்கு வருவதில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பெரிய ஜன்னலோரம் இருப்பது முன்பல் மேசை. அங்கே உட்காருகிறவர்களுக்குத் தனி மரியாதை. அவர்கள் டீ கூடத் தனியாகத்தான் குடிப்பார்கள்.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. லேபில் பதினோரு வருஷம். அத்தனையும் கடைவாய். பெயரே அப்படி ஆகிவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

முன்பல் மேசைக்குப் போக முதலாளியம்மா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். மூன்று முன்பல் செய்து பார்க்கலாம். ஒன்று நோயாளியின் வாயில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் நாற்காலி உனக்கு. மூன்றும் திரும்பி வந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. அக்கா இரண்டு செய்திருந்தாள். இரண்டும் திரும்பி வந்தன, இரண்டோடும் வந்த சீட்டில் ஒரே வார்த்தை: ‘வெளுப்பு’. மஞ்சள் பாரித்த பல்வரிசைக்கு நடுவில் அவள் செய்த பல் ஒன்று மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றதாம்.

முதல் தடவை அழுதாள். இரண்டாம் தடவை அழவில்லை. முன்பல் மேசையின் தலைவனிடம் போய் நின்றாள். அவளை விடப் பத்து வயது சின்னவன். பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி ஒன்றை எந்நேரமும் நெற்றியில் ஏற்றி வைத்திருப்பதால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். கெட்டவன் இல்லை. கேட்டால் சொல்லுவான், கேட்காவிட்டால் தன் வேலையைப் பார்ப்பான்.

“உங்க கண்ணு அசந்துபோகுதுக்கா,” என்றான் அன்றைக்கு. “ஒரே நிறத்தை அஞ்சு செகண்டுக்கு மேல பாத்தா கண்ணு ஏமாத்திரும். ஒரு சாம்பல் அட்டைய எதிர்ல ஒட்டி வைங்க. பல்லைப் பாருங்க, அட்டையப் பாருங்க, திரும்பப் பல்லைப் பாருங்க.”

ஒட்டினாள். கண் டாக்டரிடமும் போனாள். அவர் எழுத்துகளையும் வண்ணப் புள்ளிகளையும் காட்டி, கண் இருபது வயசுப் பெண்ணுக்கு இருப்பது போல இருக்கிறது, சந்தோஷமாகப் போய் வாருங்கள் என்றார். அவருக்கு என்ன தெரியும், அவர் பார்க்கிற கண் வேறு என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து மத்தியானப் பல். நிறங்களுக்கென்று லேபில் மாதிரிப் பற்கள் கோத்த ஒரு பட்டை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்; நம்பர் ஏற ஏற வெளுப்பு இறங்கி மஞ்சள் கூடும். அதில் ஒன்றை எடுத்து வைத்து அதே போலச் செய்வாள். ஒரு நாள் ஓர் அடுக்கு, மறுநாள் இன்னொன்று. வாரத்துக்கு இரண்டு பல் தேறும். சுட்டு எடுத்து மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒத்துப்போகும். எப்போதும் ஒத்துப்போகும். அதில்தான் கோளாறே. கண் ஏமாற்றுகிற கண் என்று ஆன பிறகு, ஒத்துப்போகிறது என்று அதே கண் சொல்வதை எப்படி நம்புவது? திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதைதான்.

செய்த பற்களை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலி ஜாம் பாட்டிலில் போடுவாள். மூன்று பாட்டில் நிறைந்து நாலாவது நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்த இரண்டையும் மட்டும் தனியாக ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து மூடியிருந்தாள்.

அவள் புருஷனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பேச்சுக்காரர். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த பாட்டில்களைக் காட்டி, “என்னைப் பேச விடாம பல்லப் புடுங்கிப் புடுங்கிச் சேத்து வெச்சிருக்கா,” என்பார். ஒரு நாள் நாலைந்து பற்களை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு எல்லாம் நிசப் பல்லு மாதிரித்தான் தெரியுது,” என்றார்.

“நீங்க ரெண்டு கால்ல ரெண்டு கலர் சாக்ஸ் போட்டுட்டுப் போறவரு. உங்க கண்ணும் என் கண்ணும் ஒரு ஜோடி,” என்றாள்.

அப்போது சிரித்தாள்தான். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. கொஞ்ச நாளாகவே எதுவும் உள்ளே இறங்குவதில்லை. ஒரு காலத்தில் அவள் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விடும்போது பல்லைப் பார்த்துவிட்டு, இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தவள். முதல் கடைவாய்ப் பல்லில் நடுப் பள்ளத்தைச் சரியாக இறக்கிய அன்று ராத்திரி தூங்கவில்லை. அந்த ஆசை என்றைக்குப் போனது என்று கேட்டால் தேதி சொல்லத் தெரியாது. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தாலாவது நினைவிருக்கும். அது சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது.

“புடிக்கலேன்னா விட்டுத்தொலையேன்,” என்று புருஷன் ஒரு தடவை கேட்டார். கேலியில்லாமல்.

யோசித்துப் பார்த்தாள். பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. ஒரு மணி ஆனால் கை பிரஷ்ஷுக்குப் போகிறது. போகாதே என்று சொல்லக்கூட உள்ளே ஆள் இல்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “குழாய் சொட்டுது, அதைப் பாருங்க முதல்ல,” என்று எழுந்து போனாள்.

முதலாளியம்மா லேப் சுவரெல்லாம் ஊக்கம் தருகிற வாசகங்களை ஒட்டி வைத்திருந்தார். மலை உச்சியில் ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், கீழே நாலு வரி இருக்கும். அக்கா அவற்றைப் படிப்பதில்லை. அவள் பார்த்ததெல்லாம் சாம்பல் அட்டைதான். பல், அட்டை, பல், அட்டை. வீட்டிலும் வேலைக்கு நடுவில் சாம்பல் நிறமாக எதையாவது பார்த்தபடி நின்றுவிடுவாள். சிமெண்ட் தொட்டி, மழைக்கு முந்தின வானம், எதுவானாலும்.

இப்படி இருக்கும்போது முன்பல் மேசையில் ஒரு பெண் கல்யாணமாகி வெளியூர் போனாள். நாற்காலி காலி. முதலாளியம்மா அக்காவைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்ல?”

“ஆமாங்க மேடம்.”

“இந்தா. விளையாட்டு வாத்தியாராம். பந்து பட்டு முன்பல்லு போச்சு. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா நான் வெளிய ஆள் எடுத்துருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது.”

“இல்லைங்க மேடம்.”

முதலாளியம்மா அவள் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தார். “சந்தோஷமா இல்லியா உனக்கு?”

“இருக்குங்க மேடம்,” என்று சொல்லி அச்சை வாங்கிக்கொண்டாள். பொய்தான். நாலு வருஷம் காத்திருந்தது கைக்கு வந்திருக்கிறது, நெஞ்சு ஒரு தரமாவது படபடக்க வேண்டாமா? மாட்டேன் என்று கிடந்தது.

சீட்டில் ஊருக்குள் பெரிய பல் ஆஸ்பத்திரியின் முத்திரை இருந்தது. அவளுடைய முந்தைய இரண்டும் அங்கேயிருந்து வந்தவைதான். லேபுக்கு வருகிற முன்பற்களில் முக்கால்வாசி அங்கேயிருந்துதான் வரும். நிறம், இரண்டாம் நம்பர்.

ஐந்து நாள் அந்தப் பல்லோடு கிடந்தாள். உருவத்தில் அவளுக்குப் பயமில்லை. வாத்தியாரின் மறுபக்கத்து முன்பல் அச்சில் இருந்தது, அதன் ஓரத்தில் நகக்கண் அளவு தேய்மானம்; விசில் கடித்துக் கடித்துத் தேய்ந்ததாக இருக்கும் என்று நினைத்து, அதையும் இதில் கொண்டுவந்தாள். நிறத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது.

இரண்டாம் நம்பர் மாவைக் குழைத்து ஒரு துணுக்கு சுட்டாள். வைத்துப் பார்த்தாள். பட்டையில் இருந்த இரண்டாம் நம்பரோடு அச்சாக ஒத்துப்போனது. அப்போது அவள் போட்ட கணக்கு இதுதான்: என் கண் வெளுப்பைக் குறைத்துக் காட்டுகிற கண். எனக்குச் சரி என்று படுவதெல்லாம் ஊருக்கு வெளுப்பு. அப்படியானால் எனக்குத் தப்பு என்று படுகிற மாதிரி செய்தால்தான் ஊருக்குச் சரியாக இருக்கும்.

மாவைத் துடைத்துப் போட்டுவிட்டு, ஒரு படி இறக்கி, மூன்றாம் நம்பரில் செய்தாள். சுட்டு எடுத்துப் பார்த்தபோது அவள் கண்ணுக்குப் பல் அப்பட்டமாக மஞ்சளாகத் தெரிந்தது. சீட்டு ஒன்று சொல்லுகிறது, பல் இன்னொன்று சொல்லுகிறது. பதினோரு வருஷத்தில் சீட்டை மீறி அவள் செய்த முதல் பல். பயந்திருக்க வேண்டும், பயம் வரவில்லை. டப்பாவில் போட்டு, பெயரெழுதி, அனுப்பிவிட்டு வந்து அடுத்த கடைவாய்ப் பல்லை எடுத்தாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முதலாளியம்மா ஸ்பீக்கரில் போட்டார். அங்கிருந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே பேசினாள்.

“மேடம், வாத்தியாரோட வீட்டம்மா கூட வந்திருந்தாங்க. எது புதுப் பல்லுன்னு சொல்லுங்கன்னு டாக்டர் கேட்டாரு. ரொம்ப நேரம் பாத்துட்டு நல்ல பல்லத் தொட்டுக் காட்டுறாங்க! யாரு மேடம் செஞ்சது?”

பின்னறையிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். கை கொடுத்தார்கள். யாரோ முதுகில் தட்டினார்கள். “கடைவாய் அக்கா கடைசில வாய்க்கு முன்னால வந்துட்டாங்கப்பா,” என்று ஒருவன் கத்தினான். முதலாளியம்மா ஜன்னலோரத்து நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, “உக்காரும்மா, உன்னோடதுதான்,” என்றார்.

உட்கார்ந்தாள். நல்ல நாற்காலி, ஆடவில்லை. நல்ல வெளிச்சம். இதற்குத்தானே, என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. யாருக்கோ நல்லது நடந்ததைத் தள்ளி நின்று கேட்பது போல இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கண்ணாடி தன் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் தடவையாக அவளுக்கும் ஒரு கப் கொண்டுவந்திருந்தான்.

“இந்த வாட்டி பிரமாதம்க்கா. சரியா ஒரு படி இறக்கிட்டீங்க.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டை மீறினது தெரிந்துவிட்டது, இனித் திட்டு என்று நினைத்தாள். “அது வந்து தம்பி, என் கண்ணு…”

“எல்லாரும் அதானே பண்றோம்? அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுன்னா கண்ண மூடிக்கிட்டு ஒரு படி இறக்கிப் போட வேண்டியதுதான்.”

அவள் கப்பைக் கீழே வைத்தாள். “ஏன்?”

“ஏன்னா அவங்க நிறம் பாக்குறது கடைசில. பல்லெல்லாம் ராவி, அச்செடுத்து, எல்லாம் முடிச்சப்புறம் பாப்பாங்க. அதுவரைக்கும் வாயத் திறந்தே வெச்சிருந்தா பக்கத்துப் பல்லு காஞ்சு போகும்ல? காஞ்ச பல்லு வெளுப்பாத்தான் தெரியும். வீட்டுக்குப் போய் வாய மூடுனா பழைய நிறத்துக்கு வந்துரும். முதல்லயே பாருங்கன்னு எத்தனையோ வாட்டி சொல்லியாச்சு, கேக்க மாட்டேங்குறாங்க. நாங்களே இங்க இறக்கிக்கிறோம்.” அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “உங்களுக்குத் தெரியும்தானேக்கா?”

“தெரியாது தம்பி.”

“என்னக்கா இது. இந்த மேசைல எல்லாருக்கும் தெரியுமே.”

“நான் இந்த மேசைல இல்லியே.”

கண்ணாடி நெற்றியில் இருந்ததைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். பிறகு, “நீங்க இறக்கியும் வெளுப்பா வந்திருக்குன்னு நெனச்சேன். அதான் கண்ணுன்னு சொல்லிட்டேன்,” என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. “அப்ப அந்த ரெண்டும்… சீட்டுல இருந்தபடியே சரியாத்தான் செஞ்சிருக்கீங்க.”

“அப்படித்தான் போலிருக்கு,” என்றாள்.

ஆத்திரப்பட வேண்டிய இடம். எழுந்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கியிருப்பான். அவள் டீயைக் குடித்து முடித்தாள். பின்னறைக்குப் போய்ப் பிரஷ்களைக் கழுவித் துண்டில் வரிசையாகக் காயவைத்தாள். எதிரில் சாம்பல் அட்டை இருந்தது. நாலு மூலையிலும் பசை காய்ந்து, பிய்த்தால் சுவரும் கூட வரும் போலிருந்தது. விட்டுவிட்டாள். கிளம்பும்போது நிறப் பட்டையையும், போட்டோ எடுக்கும்போது உதட்டை விரித்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையம் ஒன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் புருஷன் வந்து கைகால் கழுவியதும், சமையலறை நாற்காலியில் ஜன்னலைப் பார்க்க உட்கார வைத்தாள்.

“வாயத் திறங்க.”

“எதுக்கு? என்ன சொன்னாங்க லேப்ல? போன் வந்துச்சா?”

“நாற்காலி கெடச்சிருச்சு. வாயத் திறங்க.”

“கெடச்சிருச்சா! அடிப்பாவி, இதையா இப்படிக் கருவேப்பிலையக் கிள்ளிப் போடுற மாதிரி சொல்லுவ?” என்று அவர் எழப் பார்த்தார். அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, பட்டையை அவர் முன்பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தாள். மூன்றாம் நம்பர். சந்தேகமே இல்லை. பிறகு வளையத்தை மாட்டினாள். உதடு இரண்டும் விரிந்து, பல்வரிசை முழுவதும் ஈறோடு வெளியே வந்தது. மனுஷர் சிரித்த முகமாகப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“இருபது நிமிஷம். மூடக்கூடாது. பேசக்கூடாது.”

“ஆ… ஆ?”

“அப்புறம் சொல்றேன்.”

எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பல்லைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் ஐந்து எண்ணிவிட்டுத் தலையைத் திருப்பி, சாம்பலாக எதையாவது தேடினாள். அப்புறம் தேடுவதை நிறுத்தினாள். நேராகவே பார்த்தாள்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பத்தாவது நிமிடத்தில் பல்லின் நுனி லேசாக மங்கியது. பதினைந்தில் மேலே ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. அவர் கடைவாயில் வழிந்த எச்சிலைத் துண்டால் ஒற்றி எடுத்தாள். இருபதில் பட்டையைக் கொண்டுபோனாள். மூன்றாம் நம்பர் பொருந்தவில்லை. இரண்டாம் நம்பர் பொருந்தியது.

எழுந்து போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்தாள். பஞ்சுக்குள்ளிருந்து, இரண்டாவதாகத் திரும்பி வந்த பல்லை எடுத்தாள். அந்தச் சீட்டிலும் இரண்டாம் நம்பர்தான். இடுக்கியில் பிடித்து அவர் பல்லின் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒன்று. எது நிஜம், எது அவள் செய்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு பல்லே தெரியாமல் போனது. நாலு வருஷமாகத் தன் கண்ணைத் தானே நம்பாமல் இருந்தவள், அந்த நாலு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். ஜாம் பாட்டில்கள் ஒவ்வொன்றுக்காகவும் அழுதாள். அத்தனையும் சரியாக இருந்திருக்கிறது. ஒரு நாள்கூட அவள் அதைக் கொண்டாடவில்லை.

“ஆ! ஆ… ஆ?” என்று புருஷன் பதறிப்போய்க் கையை நீட்டினார். வாழ்நாளில் ஒரு தடவையாவது வாயைத் திறந்து நாலு வார்த்தை ஆறுதல் சொல்லவேண்டிய நேரம். வாய் திறந்துதான் இருக்கிறது, வார்த்தைதான் வரவில்லை. வளையத்தைக் கழற்றப் போனார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கழட்டாதீங்க,” என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. “இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. நான் நல்லாப் பாத்துக்கறேன்.”